அமைச்சர் மேடையில் பெயர் சொல்லிப் பழி போட்டால்: அரசு ஊழியர் வழக்குப் போடுவது எப்படி?

சார்பு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வக்கீல்கள் தாக்கல் செய்யும் பிராதுகளை (வழக்கு மனுக்களை) சரிபார்த்து, குறை இருந்தால் காரணம் எழுதி ரிட்டர்ன் போடுவதும், சரியாக இருந்தால் நம்பராவதற்கு, அதாவது வழக்கு எண் பெறுவதற்கு, நீதிபதியிடம் வைப்பதும் பல வருடம் என் வேலை. அவதூறு வழக்குகள் என் மேஜைக்கு அடிக்கடி வந்ததில்லை. வந்தவற்றில் பலவும் நியாயம் இருந்தும் ஒரு சின்னத் தேதியிலோ ஒரு வரியிலோ கோட்டை விட்டிருந்தன.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் தங்கையின் தோழி வீட்டுக்கு வந்தாள். கிராம நிர்வாக அலுவலர். போனைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ள நிவாரணம் வழங்கும் மேடை. ஒரு அமைச்சர் மைக்கைப் பிடித்து, அவள் பெயரைச் சொல்லி, "இந்த அம்மாதான் லிஸ்டுல பேரு சேக்க ஆளுக்கு ஆயிரம் வாங்கியிருக்கு" என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. மேடைக்குக் கீழே, கழுத்தில் அடையாள அட்டையோடு அவள் நிற்கிறாள். கேமரா அவள் முகத்துக்கு வந்து நான்கைந்து நொடி அங்கேயே நிற்கிறது.

"அக்கா, பதவியில இருக்கிற அமைச்சர் மேல நான் கேஸ் போட முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும். பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ, நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் அவதூறு வழக்கிலிருந்து விலக்கு கிடையாது. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டும்தான் அரசியல் சாசனத்தின் 361-ஆவது பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. அவர்கள் பதவியில் இருக்கும்வரை குற்ற வழக்கு நடத்த முடியாது. சொந்த முறையில் செய்த செயலுக்காக சிவில் வழக்குப் போடலாம், ஆனால் இரண்டு மாதம் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பதவியில் இருந்த முதலமைச்சர்கள் மீதே வழக்கு நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் மீது ரூ.10 கோடி கேட்டு சிவில் வழக்கும், தனியாகக் குற்ற வழக்கும் தொடுத்தார். 2018 ஏப்ரலில் கெஜ்ரிவால் மன்னிப்புக் கடிதம் கொடுத்த பிறகுதான் அது முடிந்தது. 2024-ல் மேற்கு வங்க ஆளுநர் ஆனந்த போஸ், முதலமைச்சர் மம்தா பானர்ஜி மீது கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், பெரிய வக்கீல்கள் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். வி.ஏ.ஓ.வுக்கும் சட்டப் புத்தகம் அதேதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

எந்த இடத்தில் நின்று சொன்னார்

சட்டமன்றத்துக்குள் பேசியிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். அரசியல் சாசனத்தின் 194(2) பிரிவு சட்டமன்றத்துக்கும், 105(2) நாடாளுமன்றத்துக்கும் முழுப் பாதுகாப்புத் தருகிறது. அவையில் சொன்ன எந்தச் சொல்லுக்காகவும் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது. பூரி சங்கராச்சாரியாரைப் பற்றி மக்களவையில் பேசியதற்காக அவருடைய பக்தர்கள் நஷ்டஈடு கேட்டபோது, 1970-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதியாகச் சொன்னது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகருக்கு எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் அதே பேச்சை வெளியே வந்து பத்திரிகையாளர்களிடமோ பொதுக்கூட்டத்திலோ திரும்பச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கூட வராது. அதனால் வெளியே பேசிய வீடியோ எது, அவையில் பேசியது எது என்று முதல் நாளே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைச் சொன்னார் என்பதையும் அப்போதே பாருங்கள். "தாலுகா ஆபீஸ்ல எல்லாரும் கை நீட்டுறாங்க" என்றால் யாரோ ஒருவர் வந்து அது என்னைத்தான் சொன்னது என்று நிரூபிப்பது மிகக் கடினம். பெயர் சொல்லத் தேவையில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு ஆள் யார் என்று புரிந்திருக்க வேண்டும்.

எதைப் பற்றிச் சொன்னார்

அரசு ஊழியருக்கு வழக்கு கனமாகும் இடம் இதுதான். குடும்பம், ஒழுக்கம் என்று சொந்த வாழ்க்கையை இழுத்திருந்தால் மற்ற குடிமக்களைப் போலத்தான் உங்கள் வழக்கும். வேலை சம்பந்தமாகச் சொல்லியிருந்தால் அளவுகோல் வேறு. 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ராஜகோபால் வழக்கில், அதிகாரிகள் தங்கள் கடமை சம்பந்தமான விமர்சனத்துக்கு எளிதில் நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் சொன்னார் என்றும் காட்ட வேண்டும். தீர்ப்பில் பேசப்பட்டது பத்திரிகையைப் பற்றி. ஆனாலும் அமைச்சரின் வக்கீல் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். இது நல்ல தீர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். அரசு அலுவலகத்தைப் பற்றி மக்கள் பயமில்லாமல் பேச வேண்டும். ஆனால் மைக்கும் அதிகாரமும் சேர்ந்து ஒரு கடைநிலை அலுவலரின் மேல் விழும்போது, அந்தக் கூடுதல் சுமையை அவள்தான் தூக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

எப்படித் தயாராவது? அவளிடம் நான் முதலில் சொன்னது தகவல் அறியும் உரிமை மனு போடச் சொல்லித்தான். கூட்டம் நடந்த தேதிக்கு முன்னால் இன்னார் மீது நிவாரணப் பட்டியல் தொடர்பாக எழுத்து மூலம் புகார் ஏதும் வந்ததா, விசாரணை ஏதும் நடந்ததா, பட்டியலை இறுதி செய்தவர் எந்தப் பதவியில் இருப்பவர் என்று மூன்றே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். "புகார் ஏதும் பெறப்படவில்லை" என்று ஒரு வரி வந்தது. அந்தத் தாளை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். எதையும் விசாரிக்காமலே பேசினார் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அனுமதி

வேலையில் இருப்பவர்கள் பலர் மறந்துபோவது நடத்தை விதிகளை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் வருட நடத்தை விதிகளில் 19-ஆவது விதி, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்றவர்களுக்கு 1968-ஆம் வருட விதிகளில் 17-ஆவது விதி. நம் மாநில ஊழியர்களுக்கு 1973-ஆம் வருட நடத்தை விதிகள் இருக்கின்றன. சாரம் இது: அலுவல் சம்பந்தமான செயலைப் பற்றிய அவதூறுக்குக் கோர்ட்டுக்கோ பத்திரிகைக்கோ போவதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும். சொந்த நடத்தையைக் காப்பாற்றப் போனால் முன் அனுமதி வேண்டாம். மத்திய விதியில், மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது.

அனுமதி இல்லாமல் போனால் 17பி குறிப்பாணை, அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு மெமோ, வந்து நிற்கும். எதிரே இருப்பவர் அமைச்சர் என்பதை மறக்க வேண்டாம். அதனால் சம்பவம் நடந்த அதே வாரத்தில் விண்ணப்பத்தை உரிய வழியில் அனுப்பி, ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் போட்டு, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஊடகத்துக்குப் பேட்டி கொடுக்காதீர்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வேண்டாம்.

ஒரு வருடம்

இதைத்தான் நான் சத்தம் போட்டுச் சொல்வேன். காலவரையறைச் சட்டம் 1963-ல் 75, 76 என்று இரண்டு இனங்கள். எழுத்தில் வந்த அவதூறானாலும் வாய்ப்பேச்சானாலும் சிவில் வழக்குக்குக் கெடு ஒரே ஒரு வருடம். பணம் வசூலிக்கும் வழக்குக்கு மூன்று வருடம் இருக்கிறதே, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

ஒரு பொறியாளர். அவர் துறையைப் பற்றி அல்ல, அவரையே பெயர் சொல்லி ஒரு தலைவர் பேசினார், ஏப்ரல் 26-ஆம் தேதி. இவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், பதில் வந்தது, பதிலுக்குப் பதில் போனது, துறையில் அனுமதி கேட்டுக் காத்திருந்தார். அடுத்த வருடம் கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த முதல் நாள் காலையிலேயே பிராதைக் கொண்டுவந்தார்கள். விடுமுறையில் கெடு முடிந்தால் திறக்கும் நாளில் போடலாம் என்பது சரிதான், 4-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் விடுமுறை தொடங்கியது மே 1. கெடு முடிந்தது ஏப்ரல் 26. நான் மேஜை காலண்டரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அவர் வராந்தாவில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கும் 5-ஆவது பிரிவு, அசல் வழக்குக்குப் பொருந்தாது. "காலவரையறை எப்படி?" என்று எழுதி ரிட்டர்ன் போட்டேன். பிறகு வாதாடிப் பார்த்தார்கள், பிராது நிராகரிக்கப்பட்டது. அந்த வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

நோட்டீஸ் அனுப்பியதால் கடிகாரம் நிற்பதில்லை. அலுவல் முறையில் செய்த செயலுக்காகப் பொது அதிகாரி மீது வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும், அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மேடைப் பேச்சு அலுவல் செயலா என்பதே விவாதத்துக்குரியது. ஆகவே நோட்டீஸைச் சீக்கிரமாக அனுப்பிவிட்டு, எதையும் கழிக்காமல் ஒரு வருடத்துக்குள் வழக்கைப் போடுங்கள். வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது, அதனால் தினமும் புதுக் கெடு என்றும் நம்ப வேண்டாம். முதல் வெளியீட்டிலிருந்துதான் கணக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.

பிராதில் என்ன இருக்க வேண்டும்

"பிரதிவாதி வாதியை மிகவும் இழிவாகப் பேசினார்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது போதாது. என்ன சொன்னாரோ அதே சொற்கள், அதே பேச்சுத் தமிழில், மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். "சேக்க" என்று சொல்லியிருந்தால் "சேர்க்க" என்று திருத்தாதீர்கள். மறைபொருளாகப் பேசியிருந்தால் அதற்கு விளக்கம் தனியாக எழுத வேண்டும். "பெட்டி வாங்குற ஆள்" என்றால் நம் ஊரில் லஞ்சம் என்று அர்த்தம், அதை நீங்கள்தான் பிராதில் சொல்ல வேண்டும். தேதி, நேரம், இடம், யார் யார் கேட்டார்கள் என்பதும் வேண்டும்.

பிரதிவாதியாக அந்த மனிதரைப் பெயரோடு போடுங்கள். அமைச்சர் பேசியதற்கு அரசு பொறுப்பாகாது என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசையும் சேர்த்து இழுத்தால் வழக்கு நீளும்.

எந்தக் கோர்ட் என்றால், பேச்சு நடந்த ஊரிலும் போடலாம், அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, சிவில் நடைமுறைச் சட்டம் 19-ஆவது பிரிவு. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நஷ்டஈட்டுத் தொகையில் ஆசைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் மூன்று சதவீதம். பத்து லட்சம் கேட்டால் ரூ.30,000 கட்ட வேண்டும். கோடி கேட்டால் செய்தி வரும், ஆனால் கட்டணமும் மூன்று லட்சமாக வரும்.

இடைக்காலத் தடை கேட்பதாக இருந்தால் அந்தக் குறிப்பிட்ட குற்றச்சாட்டைத் திரும்பச் சொல்லக்கூடாது என்று மட்டும் கேளுங்கள். என்னைப் பற்றிப் பேசவே கூடாது என்று கேட்டால் நிற்காது. மம்தா வழக்கில் 2024 ஜூலையில் தனி நீதிபதி தடை போட்டார். அதே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு, சட்டத்துக்கு உட்பட்டுப் பேசலாம் என்று தெளிவாக்கியது.

ஆதாரத்தில் போன் முக்கியம். வாட்ஸ்அப்பில் வந்த நகல் இரண்டாம் தரம். எடுத்தவரைக் கண்டுபிடித்து, அசல் கோப்பு இருக்கும் போனையோ மெமரி கார்டையோ மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பழைய 65பி போலத்தான், ஆனால் இப்போது இரண்டு பகுதி: ஒன்று சாதனத்தை வைத்திருப்பவர் தருவது, மற்றொன்று நிபுணர் தருவது, கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு). கேட்ட ஆட்கள் இரண்டு பேர் சாட்சியாக வேண்டும். உங்கள் கீழ் வேலை பார்ப்பவர் வேண்டாம், கூட்டத்தில் நின்ற ஊர்க்காரர் நல்லது.

குற்ற வழக்கு

சிவில் வழக்கோடு சேர்த்தோ தனியாகவோ போடலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு (2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499, 500). இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை. போலீஸில் எப்.ஐ.ஆர். போட்டு நடத்தும் வழக்கு அல்ல இது. நீங்களே குற்றவியல் நடுவரிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும்.

அரசு ஊழியர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அரசின் ஒப்புதலோடு அரசு வக்கீல் நேரடியாக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம், ஆறு மாதத்துக்குள். அந்த ஒப்புதலைத் தருவது அமைச்சர் உட்கார்ந்திருக்கும் அதே அரசு. அதனால் அந்த வழியை நம்பி ஆறு மாதத்தைக் கரைக்காதீர்கள். நடுவரிடம் போகும் உரிமையை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 222-ஆவது பிரிவே தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதற்குக் கெடு மூன்று வருடம். புதிய நடைமுறையில் வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்னரே எதிர்த் தரப்பைக் கேட்க வேண்டும். அங்கேயே அமைச்சரின் வக்கீல், கடமையில் பேசியது, அவர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் என்று ஆரம்பிப்பார். கட்சிக் கூட்டத்தில் பேசியிருந்தால் அந்த வாதம் பலவீனம். அரசு விழா மேடை என்றால் கொஞ்சம் பலம் கூடும்.

இரண்டு வருடத் தண்டனை வந்தால் பதவியே போகும் என்பதால் குற்ற வழக்குக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள். 2023 மார்ச்சில் சூரத் கோர்ட் ராகுல் காந்திக்கு இரண்டு வருடம் கொடுத்ததும் எம்.பி. பதவி போனது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

அப்புறம், கூண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வழக்குப் போட்டவர் ஏறித்தான் ஆக வேண்டும். உங்கள் சொத்து, தம்பி வாங்கிய பைக், பழைய மெமோ எல்லாம் கேள்வியாக வரும். ஜேட்லியையே 2017 மே மாதம் குறுக்கு விசாரணையில் மோசமான ஒரு சொல்லால் அழைத்தார்கள், அதற்காக அவர் இரண்டாவதாக ஒரு ரூ.10 கோடி வழக்குப் போட வேண்டி வந்தது. அந்தப் பெண்ணை என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து நானும் என் தங்கையும் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டோம். முதல் தடவை அழுதுவிட்டாள். மூன்றாம் தடவை, "தெரியாது சார், அந்த ஃபைல் என்கிட்ட இல்ல" என்று நிதானமாகச் சொன்னாள். அதுதான் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது.

அவள் வழக்கு சிவில்தான். நம்பராகி எட்டாவது மாதம் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. இங்கேயும் ஒரு கவனம். "வழக்கு வெளியே தீர்ந்துவிட்டது, வாபஸ்" என்று மெமோ போட்டு முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 23 ரூல் 3-இன் கீழ் சமரச மனு போட்டு, மன்னிப்பு வாசகத்தை முழுதாக எழுதி, எந்தத் தேதிக்குள் எங்கே வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்து, அதை டிகிரியாக (கோர்ட்டின் தீர்ப்பாணையாக) வாங்க வேண்டும். அவள் கேட்டது பணமல்ல. அதே ஊர்ப் பள்ளி மைதானத்தில், மைக்கில், அவள் பெயரைச் சொல்லி, "நான் சொன்னது தவறு" என்று படிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் வரவில்லை, ஆளை அனுப்பிப் படிக்கவைத்தார்கள். டிகிரியில் 'தானே' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்ல நானும் மறந்துவிட்டேன். நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

கட்டிய கோர்ட் கட்டணத்தையும் விடாதீர்கள். சமரசமானால் முழுதாகத் திரும்பக் கிடைக்கும், வாதியும் பிரதிவாதியும் தங்களுக்குள் பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் நம் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிகிரி நகல் கைக்கு வந்த அன்றே அதற்கான மனுவையும் வக்கீலிடம் எழுதச் சொல்லுங்கள்.